“சொந்த நாட்டுக்குத்தானே அனுப்புகிறார்கள்?”: ஆப்கன் அகதிகளும் ‘திருப்பி அனுப்பாமை’ என்னும் விதியும்

ஆப்கானிஸ்தான் அகதிகளைப் பாகிஸ்தானோ ஈரானோ கூட்டம் கூட்டமாக எல்லைக்கு அப்பால் அனுப்பும் செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். “அவர்களுடைய சொந்த நாட்டுக்குத்தானே அனுப்புகிறார்கள், இதில் என்ன தப்பு?” கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. விசா முடிந்தால் கிளம்பிவிட வேண்டும், அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. தன் மண்ணில் யார் இருக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு.

ஆனால் அந்த உரிமைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒருவரை எங்கே அனுப்பினால் அவருடைய உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து வருமோ, அங்கே அவரை அனுப்பக் கூடாது. அகதிகள் பற்றிய சர்வதேசச் சட்டம் முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. தமிழில் இதைத் ‘திருப்பி அனுப்பாமை’ எனலாம். சட்டம் படித்தவர்கள் ‘நான்-ரிஃபூல்மான்’ என்ற பிரெஞ்சுப் பெயரில் சொல்வார்கள். அந்த விதி என்ன சொல்கிறது, தாலிபானை எதிர்த்துத் தெருவில் நின்ற பெண்களையும், அவர்களைப் படம் பிடித்த பத்திரிகையாளர்களையும் அது ஏன் காப்பாற்றாமல் போகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதி எங்கிருந்து வந்தது

1939 மே மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் 937 பயணிகளோடு கியூபாவுக்குப் புறப்பட்டது. அநேகமாக எல்லோரும் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி ஓடிய யூதர்கள். கியூபா ஒரு சிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடவில்லை. அமெரிக்கா கதவைத் திறக்கவில்லை, கனடாவும் திறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள். அந்த நாடுகள் எதுவும் அவர்களைக் கொல்லவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று மட்டும்தான் சொன்னார்கள்.

போர் முடிந்த பிறகு, 1951-இல் ஜெனீவாவில் அகதிகள் ஒப்பந்தம் உருவானது. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி என்று அது வரையறுத்தது. அதன் 33-ஆவது பிரிவுதான் திருப்பி அனுப்பாமை. 1984-இல் வந்த சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தமும் தன் 3-ஆவது பிரிவில் இதையே இன்னும் கறாராகச் சொன்னது: சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் இருக்கிற நாட்டுக்கு யாரையும் அனுப்பக் கூடாது.

இந்த விதியைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் புரியும்.

இது குடியுரிமை கொடுக்கச் சொல்லும் விதி அல்ல. வீடும் வேலையும் தரச் சொல்வதும் அல்ல. ஆபத்தான இடத்துக்குத் தள்ளாதே என்பது மட்டும்தான். பாதுகாப்பான வேறொரு நாட்டுக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்பலாம்.

அடுத்தது, அகதி அட்டை கையில் வந்த பிறகுதான் ஒருவர் அகதி ஆகிறார் என்பதில்லை. மேலே சொன்ன வரையறைக்குள் அவருடைய நிலைமை வந்த நொடியிலேயே அவர் அகதி. அரசாங்கம் பிறகு செய்வதெல்லாம் அதை அங்கீகரிப்பது மட்டுமே. அதனால்தான் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஒருவரை வண்டியில் ஏற்றுவதும் விதிமீறல் ஆகிறது. நாட்டைவிட்டுக் கிளம்பும்போது அகதியாக இல்லாதவரும் பின்னால் அகதி ஆகலாம். 2021-இல் டெல்லியிலோ பெர்லினிலோ படித்துக்கொண்டிருந்த ஆப்கன் மாணவி சாதாரண மாணவர் விசாவில்தான் வந்திருப்பார். அந்த ஆகஸ்ட் மாதம் ஆட்சி மாறியதும், அதன் பிறகு அவர் மேடையேறிப் பேசியதும் சேர்ந்து அவரை அகதி ஆக்கிவிடும்.

மூன்றாவதாக, விதிவிலக்கும் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர், மிகக் கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஆகியோருக்கு 1951 ஒப்பந்தத்தின் பாதுகாப்பு பொருந்தாது. ஆனால் சித்திரவதைத் தடையில் எந்த விதிவிலக்கும் கிடையாது. கொலைக் குற்றவாளியையும் சித்திரவதை அறைக்கு அனுப்பக் கூடாது. ஐரோப்பாவில் இன்று நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

திரும்பினால் என்ன காத்திருக்கிறது

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலைப் பிடித்தது. இரண்டே நாளில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். பழைய அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்கள், ராணுவத்தினர் யாரும் பயப்பட வேண்டாம் என்றார்கள். அந்த மன்னிப்பு எப்படி இருந்தது என்பதற்கு ஐ.நா.வின் ஆப்கானிஸ்தான் உதவி அமைப்பான உனாமா வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 2023 ஜூன் வரையான ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், முன்னாள் அரசு அதிகாரிகள், பாதுகாப்புப் படையினர் 218 பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதை அது பதிவுசெய்தது.

பெண்களுக்கு நடந்தது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இருந்தாலும் வரிசையாகப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். 2021 செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடப்பட்டது. அதே டிசம்பரில், 72 கிலோமீட்டருக்கு மேல் ஆண் துணை இல்லாத பெண்ணை வண்டியில் ஏற்றக் கூடாது என்ற உத்தரவு வந்தது. 2022 நவம்பரில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் போயின. டிசம்பரில் பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவன வேலையும் போயின. 2023 ஏப்ரலில் ஐ.நா. அலுவலகங்களில் வேலை பார்க்கவும் தடை. ஜூலையில் அழகு நிலையங்களை மூடினார்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் பொது இடத்தில் பெண்ணின் குரல் கேட்பதையே குற்றமாகப் பார்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் செவிலியர், பேறுகால உதவியாளர் படிப்புகளும் நின்றன. பெண்களுக்குப் பெண்கள்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் படிப்பையும் மூடினார்கள்.

இதையெல்லாம் எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். ‘நான், கார், ஆசாதி’ என்பது அவர்களுடைய முழக்கம். தாரி மொழியில் அதன் பொருள்: ரொட்டி, வேலை, விடுதலை. சிறு சிறு கூட்டம்தான், இருபது முப்பது பேர். தாலிபான் ஆட்கள் வானத்தை நோக்கிச் சுடுவார்கள், மிளகுப் பொடி தெளிப்பார்கள், பெண்கள் கலைந்து மறுபடி கூடுவார்கள். 2022 ஜனவரியில் ஓர் இரவு, காபூலில் தமனா ஸரியாப் பரியானி என்ற போராட்டக்காரர், கதவை இடிக்கும் ஆட்களின் சத்தத்துக்கு நடுவே உதவி கேட்டு அலறும் காணொளியைப் பதிவேற்றினார். அவரும் சகோதரிகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். வாரக்கணக்கில் தடுப்பில் இருந்துவிட்டு வெளியே வந்த அவர் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். 2023 செப்டம்பரில் கொலோன் நகரில், பெண்களை ஒதுக்கிவைக்கும் இந்த ஆட்சிமுறையைப் ‘பாலின நிறவெறி’ என்று உலகம் அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். அவருக்கு விமானம் கிடைத்தது. அவரோடு தெருவில் நின்றவர்களில் நிறையப் பேருக்குக் கிடைத்தது, பாகிஸ்தான் எல்லையைத் தாண்டும் தரைவழி மட்டும்.

கட்டாயமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றும் உனாமா விசாரித்து, 2025 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. தடுத்துவைப்பு, சித்திரவதை, மிரட்டல் ஆகியவற்றை அது பதிவுசெய்தது. ஊடகத்தினர், முன்னாள் அரசு ஊழியர்கள், பெண்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்றது. அதே மாதம் 8-ஆம் தேதி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹகீம் ஹக்கானிக்கும் கைது ஆணை பிறப்பித்தது. பாலின அடிப்படையிலான துன்புறுத்தல் என்ற குற்றச்சாட்டுதான் அதற்குக் காரணம்.

அதற்கு முன்பே, 2024 அக்டோபர் 4 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொல்லியிருந்தது. ஆப்கன் பெண் ஒருவர் தனக்குத் தனிப்பட்ட மிரட்டல் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நாட்டுக் குடிமகள், அவள் ஒரு பெண் என்ற இரண்டு உண்மைகளே புகலிடம் தரப் போதுமானவை என்று சொல்லிவிட்டது. ‘சொந்த நாட்டுக்குத்தானே’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை.

ஒரு போராளி எப்படி ‘சட்டவிரோதி’ ஆகிறார்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செய்திகளில் ‘ஆவணமில்லாத ஆப்கானியர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த நிலைக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார் என்பதை யாரும் சொல்வதில்லை.

மேற்கத்திய நாடுகளோடு வேலை பார்த்தவர்களையும் ஆபத்தில் இருப்பவர்களையும் அழைத்துக்கொள்ளப் பல திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அமெரிக்கா 2021 ஆகஸ்ட் 2 அன்று பி-2 என்ற திட்டத்தை அறிவித்தது. விண்ணப்பித்தவர் முதலில் சொந்தச் செலவில் ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேறி வேறொரு நாட்டுக்குப் போய்விட வேண்டும், அங்கிருந்துதான் பரிசீலனை தொடங்கும், அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பது அதன் நிபந்தனை. ஜெர்மனி 2022 அக்டோபரில் மாதம் 1,000 பேர்வரை அழைத்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் விண்ணப்பம் ஆப்கானிஸ்தானுக்குள் இருந்துகொண்டுதான் போட வேண்டும். ஆனால் காபூலில் ஜெர்மன் தூதரகம் இல்லை. எனவே தேர்வானவர்கள் நேர்காணலுக்கும் விசாவுக்கும் இஸ்லாமாபாத் போக வேண்டும்.

இரண்டு வழியிலும் வேறொரு நாட்டில், பெரும்பாலும் பாகிஸ்தானில், காத்திருக்க வேண்டும் என்று வைத்தது அந்த நாடுகளே. இதை மறந்துவிடக் கூடாது.

சரி, தெருவில் நின்று போராடிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் பாகிஸ்தான் விசா வாங்குகிறார். பெரும்பாலும் தரகருக்குப் பணம் கொடுத்துத்தான் வாங்க முடியும். அது சில மாதங்களுக்குத்தான் செல்லும். இஸ்லாமாபாத்திலோ ராவல்பிண்டியிலோ ஒரு விருந்தினர் விடுதியில் அறை எடுக்கிறார். வேலை செய்ய அனுமதி கிடையாது. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைப்பதும் கஷ்டம். கொண்டுவந்த நகையை விற்றுச் சாப்பிடுகிறார்கள். ‘கேஸ்’ என்ன ஆயிற்று என்று மின்னஞ்சல் பார்ப்பதுதான் அன்றாட வேலை. விசா முடிகிறது, புதுப்பிக்க விண்ணப்பிக்கிறார். பதில் வருவதில்லை. அவ்வளவுதான், சட்டப்படி வந்தவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிட்டார். வேறு நாட்டு விசா கிடைத்து வெளியேறப் போனாலும் அதிகநாள் தங்கியதற்காகப் பாகிஸ்தான் 2023 இறுதியில் ஒருவருக்கு 800 டாலருக்கு மேல் கட்டணம் கேட்டது. எதிர்ப்பு வந்த பிறகுதான் குறைத்தார்கள்.

இதற்கிடையில் அழைத்த நாடுகள் பின்வாங்கின. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே அகதிகள் வருகைத் திட்டத்தை நிறுத்தினார். எல்லாச் சோதனையும் முடிந்து விமானத்துக்குத் தயாராக இருந்த 1,600-க்கு மேற்பட்ட ஆப்கானியரின் பயணம் ரத்தானது. ஜெர்மனியிலும் ஆட்சி மாறியது. புதிய அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. எழுத்தில் உறுதி பெற்ற 2,000-க்கு மேற்பட்டோர் இஸ்லாமாபாத்தில் தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் பாகிஸ்தான் போலீசார் விடுதிகளில் புகுந்து அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தனர். சுமார் 200 பேர் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள். ஜெர்மனிக்கு வரலாம் என்று ஜெர்மனியே எழுதிக்கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாலிபானிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. புகலிடம் கேட்கும்போது ஆதாரம் கேட்பார்கள். போராட்டத்தில் எடுத்த படம், எழுதிய கட்டுரை, வெளிநாட்டு நிறுவனத்தின் சான்றிதழ், வந்த மிரட்டல் கடிதம். 2021 ஆகஸ்டில் காபூலில் பலர் இப்படிப்பட்ட காகிதங்களை வீட்டிலேயே எரித்தார்கள். வீட்டுச் சோதனையில் அகப்பட்டால் அதுவே குற்றப்பத்திரிகை. வைத்திருந்தால் தாலிபானிடம் மாட்டலாம், எரித்துவிட்டால் புகலிட அதிகாரியிடம் காட்ட ஒன்றும் இருக்காது. பத்திரமாக இருக்கும் என்று நம்பி வெளிநாட்டுக்கு அனுப்பிய விவரமும் பத்திரமாக இருக்கவில்லை. பிரிட்டனுக்குப் போக விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விவரங்கள் 2022 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து தவறுதலாக வெளியே போயின. நீதிமன்றத் தடை ஆணையால் அந்தச் செய்தி 2025 ஜூலை வரை மூடிவைக்கப்பட்டது. பட்டியலில் இருந்தவர்களுக்கே தெரியாது.

பாகிஸ்தானும் ஈரானும்

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த காலத்திலிருந்து இந்த இரண்டு நாடுகளும் லட்சக்கணக்கான ஆப்கானியர்களைத் தாங்கியிருக்கின்றன. பணக்கார நாடுகள் எதுவும் செய்யாததை நாற்பது ஆண்டுக்கு மேல் செய்திருக்கின்றன. அதைச் சொல்லாமல் அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் இப்போது நடப்பது வேறு. 2023 அக்டோபரில் பாகிஸ்தான், ஆவணமில்லாத வெளிநாட்டவர் நவம்பர் 1-க்குள் வெளியேற வேண்டும் என்று கெடு விதித்தது. அப்படிப்பட்ட ஆப்கானியர் 17 லட்சம் பேர் என்று அரசே சொன்னது. பாகிஸ்தானி தாலிபான் அமைப்பின் தாக்குதல்கள் பெருகியதுதான் சொல்லப்பட்ட காரணம். தாலிபானிடமிருந்து தப்பி ஓடிவந்தவர்கள், தாலிபானின் கூட்டாளிகள் வைத்த குண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆவணமில்லாதவர்களோடு அது நிற்கவுமில்லை. ஆப்கன் குடிமக்கள் அட்டை என்று 2017-இல் பாகிஸ்தானே கொடுத்த அட்டையை வைத்திருந்த சுமார் 8 லட்சம் பேரை 2025 மார்ச் 31-க்குள் போகச் சொன்னார்கள். அடுத்து, பதிவுச் சான்று அட்டை வைத்திருந்த 13 லட்சத்துக்கு மேற்பட்டோர். ஐ.நா. அகதிகள் ஆணையமே முறையான அகதிகளாக ஏற்றவர்கள் அவர்கள். அந்த அட்டைகள் 2025 ஜூன் 30-ஓடு காலாவதியாயின, செப்டம்பரிலிருந்து அவர்களும் வெளியேற்றப் பட்டியலில் சேர்ந்தார்கள். பெஷாவரிலோ கராச்சியிலோ பிறந்து, ஆப்கானிஸ்தானை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் இதில் ஏராளம். பாகிஸ்தான் மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்று அந்நாட்டு 1951 சட்டம் சொல்கிறது. ஆப்கன் குழந்தைகளுக்கு அது நடைமுறையில் கிடைப்பதில்லை.

ஈரானின் வேகம் இன்னும் பயங்கரம். ஆவணமில்லாதவர்களைக் கணக்கெடுத்து ஈரானே கொடுத்த தற்காலிகச் சீட்டை வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களின் சீட்டைச் செல்லாததாக்கி, 2025 ஜூலை 6 என்று கெடு வைத்தார்கள். இடையில் ஜூன் மாதம் இஸ்ரேலுடன் பன்னிரண்டு நாள் போர் வந்தது. ஆப்கானியர்கள் உளவாளிகள் என்ற பேச்சு கிளம்பியது. போர் நின்ற ஜூன் 24-இலிருந்து ஜூலை 9 வரை மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை தாண்டினார்கள் என்கிறது சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு. பெரும்பாலும் ஹெராத் மாகாணத்தின் இஸ்லாம் கலா வழியாக. வெயிலில் கைக்குழந்தைகளோடு, வாங்க வேண்டிய கூலியையும் வீட்டு முன்பணத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். ஆகஸ்டில், இப்படித் திரும்பியவர்களை ஏற்றிவந்த பேருந்து ஹெராத்தில் விபத்தில் எரிந்து 70-க்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

2025-இல் மட்டும் இரண்டு நாடுகளிலிருந்தும் திரும்பியவர்கள் 25 லட்சத்தைத் தாண்டும். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளை எல்லையைத் தாண்டியதும் அவளுடைய படிப்பு முடிந்துவிட்டது. கணவனை இழந்த பெண்ணுக்கு ஆண் துணையில்லாமல் எல்லையிலிருந்து ஊர் போய்ச் சேருவதே சட்ட மீறல்.

விதியை மீறாமல் மீறுவது எப்படி

‘நாங்கள் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை’ என்பது பாகிஸ்தானின் வாதம். உண்மைதான், கையெழுத்திடவில்லை. ஆனால் சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தை 2010-இல் ஏற்றுக்கொண்டது. அதோடு, திருப்பி அனுப்பாமை என்பது எழுதிக் கையெழுத்திடாத நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்கச் சட்டமாகிவிட்டது என்பதுதான் பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. ஈரான் 1976-லேயே 1951 ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. துருக்கியும் சேர்ந்ததுதான், ஆனால் ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மட்டுமே அகதியாக ஏற்போம் என்ற பழைய நிபந்தனையை விடாமல் வைத்திருக்கிறது. அதனால் ஆப்கானியருக்கு அங்கே முழு அகதித் தகுதி கிடையாது.

இன்னொரு வழி, ‘தாமாகவே திரும்பினார்கள்’ என்று கணக்கெழுதுவது. வாடகைக்கு விடாதே என்று வீட்டுக்காரரை மிரட்டி, சிம் அட்டையை முடக்கி, இரவில் கதவைத் தட்டி, பிடித்த ஆண்களை விடுவிக்கப் பணம் கேட்டால் எந்தக் குடும்பம்தான் மூட்டை கட்டாது? கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதால் அது விருப்பம் ஆகிவிடாது. இப்படி வாழ முடியாமல் செய்து துரத்துவதையும் திருப்பி அனுப்புதலாகவே சட்டம் பார்க்கிறது.

மூன்றாவது, முதலில் அனுப்பு, பிறகு விசாரி. இதற்குத் தமிழர்களிடமே ஒரு சாட்சியம் இருக்கிறது. 1987-இல் பிரிட்டனில் தஞ்சம் கேட்ட ஐந்து இலங்கைத் தமிழர்களின் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, 1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அன்றைய விதிப்படி வெளியேறிய பிறகுதான் மேல்முறையீடு செய்ய முடியும். திரும்பியவர்களில் சிலர் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டார்கள். 1989-இல் மேல்முறையீட்டு அதிகாரி அவர்களுடைய அச்சம் நியாயமானது என்று ஏற்று, திரும்ப அழைக்கச் சொன்னார். ஆனாலும் 1991-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பிய நேரத்தில் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் பிரிட்டன் மீறவில்லை என்றுதான் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள், ஆனால் அதற்குள் பட வேண்டியதெல்லாம் பட்டாயிற்று. இன்று ஆப்கானியர்களை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே எல்லைக்கு அனுப்பும்போது இந்த வழக்கு எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஐரோப்பா விதிவிலக்கின் வழியாக நுழைகிறது. ஜெர்மனி 2024 ஆகஸ்ட் 30 அன்று, தண்டனை பெற்ற 28 ஆப்கன் ஆண்களைக் கத்தார் உதவியோடு காபூலுக்கு அனுப்பியது. 2025 ஜூலையில் இன்னும் 81 பேர். குற்றவாளிகள்தானே என்று மக்கள் கைதட்டினார்கள். ஆனால் அதற்கு விலை இருக்கிறது. ஆட்களை இறக்க வேண்டுமானால் தாலிபானோடு பேச வேண்டும். பேச்சின் தொடர்ச்சியாகத் தாலிபான் அனுப்பிய தூதரக அதிகாரிகளை ஜெர்மனி உள்ளே விட்டது.

இது நாடுகடந்து வாழும் போராளிகளின் கழுத்தை நேராகப் பிடிக்கிறது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் பல இடங்களில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு கேட்பார்கள். 2024 ஜூலையில் தாலிபான் வெளியுறவுத் துறை, பழைய அரசின் ஆட்கள் நடத்தும் 14 தூதரகங்கள் கொடுக்கும் ஆவணங்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ஆகவே தாலிபானுக்கு எதிராக ஊர்வலம் போன பெண் தன் முகவரியை, குடும்ப விவரத்தை, கைரேகையைத் தாலிபானின் அலுவலகத்தில் கொடுத்துக் கடவுச்சீட்டு கேட்க வேண்டிய நிலை வருகிறது. ஊரில் இருக்கும் அம்மாவும் தம்பியும் யார் கையில் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், வெளிநாட்டில் இருந்துகொண்டே வாயை மூடிக்கொள்வார்கள். பலர் அப்படி மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்குள் போய்விட்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஆப்கானியர்கள் அங்கே தங்கி வேலை பார்க்க அனுமதித்த ‘தற்காலிகப் பாதுகாப்பு நிலை’ 2025 ஜூலையில் முடிவுக்கு வந்தது. நவம்பர் 26 அன்று வாஷிங்டனில் தேசியக் காவல்படையினர் இருவரை ஓர் ஆப்கானியர் சுட்டதும், ஆப்கன் கடவுச்சீட்டில் வருவோருக்கு விசா வழங்குவதே நிறுத்தப்பட்டது. ஒருவர் செய்த குற்றத்துக்காக, அந்த நாட்டின் ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து உயிரைப் பணயம் வைத்தவர்களின் கோப்பும் சேர்ந்தே மூடப்படுகிறது.

இந்தியாவில்

டெல்லியின் லஜ்பத் நகர், போகல், மாளவியா நகர் பக்கம் போனால் ஆப்கன் ரொட்டிக் கடைகளைப் பார்க்கலாம். இந்தியா 1951 ஒப்பந்தத்தில் சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் டெல்லியில் கொடுக்கும் அட்டைதான் பெரும்பாலானவர்களின் பிடிமானம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31 வரை வந்த இந்து, சீக்கியர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு மட்டும் வழிவிடுகிறது. 2021-க்குப் பிறகு வந்த பெண் பத்திரிகையாளருக்கு அதில் ஒன்றுமில்லை. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகி டெல்லி வந்தபோது, ஆப்கன் தூதரகத்தில் நடந்த முதல் செய்தியாளர் கூட்டத்தில் பெண் செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. கண்டனம் எழுந்த பிறகு இன்னொரு கூட்டம் வைத்து அவர்களை அழைத்தார்கள். டெல்லியிலேயே வாழும் ஆப்கன் பெண்களுக்கு அந்த முதல் கூட்டம் என்ன சொல்லியிருக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்ன கேட்கிறார்கள்

ஜெர்மனி கைவிட்ட குடும்பங்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூலையில் பெர்லின் நிர்வாக நீதிமன்றம், எழுத்தில் கொடுத்த உறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. அதன் பலனாக செப்டம்பர் 1 அன்று 47 பேர் ஹனோவரில் வந்திறங்கினார்கள். அடுத்தடுத்துச் சிறு சிறு குழுக்களாக இன்னும் சிலர் வந்தார்கள். நவம்பரில், மிச்சமிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, பணம் தருகிறோம், ஜெர்மனிக்கு வரும் உரிமையை விட்டுவிடுங்கள் என்று அதே அரசு கடிதம் அனுப்பியது. வழக்குப் போட முடிந்தவர்களுக்குத்தான் கொஞ்சமாவது வழி பிறந்திருக்கிறது. வக்கீல் கிடைக்காதவர்கள், இணையம் இல்லாதவர்கள், திட்டத்தின் பெயரே தெரியாதவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பாகிஸ்தானில் ஒளிந்து வாழும் பெண் போராளிகளும் பத்திரிகையாளர்களும் இசைக் கலைஞர்களும் எழுதும் மனுக்களில் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. விண்ணப்பத்துக்கு முடிவு தெரியும்வரை எல்லைக்கு அனுப்பாதீர்கள். விசாவைப் புதுப்பித்துக் கொடுங்கள். ஆபத்தில் இருப்பவர்களை ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிவுசெய்ய அனுமதியுங்கள். எங்களை ஏற்பதாக ஒப்புக்கொண்ட நாடுகள் விமானத்தை அனுப்புங்கள். பாலின நிறவெறியை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் எழுதுங்கள். இதில் முதல் கோரிக்கைக்குப் பணமோ புதுச் சட்டமோ தேவையில்லை. விசாரித்து முடிக்கும்வரை போலீஸ் வண்டியை அனுப்பாமல் இருந்தாலே போதும்.